நாற்பத்திரண்டில் நின்ற முள்

"தயங்கும்! என் கல்லு தயங்கும்! நீ வார்த்த கல்லுக்குத்தான் வெக்கம், மானம், தயக்கம் ஒண்ணும் கிடையாது!"

"கல்லுக்கு எதுக்கு சார் வெக்கம்? முந்நூறு கல்லு உடைச்சிருக்கேன். ஒண்ணுகூட நடுவுல நிக்கல. நேரா ஏறுது, உடையுது."

"முந்நூறும் பொறுக்கிக் கல்லு!"

"அப்போ உங்க கல்லக் குடுங்க. அதையும் உடைச்சுக் காட்டுறேன்!"

பேராசிரியர் கொடுத்தார். கையில் கொடுக்கவில்லை, எறிந்தார். காகிதம் பறக்காமலிருக்க மேசைமேல் வைத்திருந்த கான்கிரீட் கட்டி, இரண்டு கிலோவுக்குக் குறையாது. அது போய், அந்த முந்நூறு கல்லையும் உடைத்த புது எந்திரத்தின் கண்ணாடித் திரையில் விழுந்து, திரை சிலந்தி வலையாகி, வலைக்குள்ளிருந்து கொஞ்சம் புகை வந்தது. கை சூடாகிவிட்ட ஜோரில் அடுத்து ஒரு கேடயத்தை எடுத்தார். வாழ்நாள் சாதனையாளர் கேடயம். அவருக்கு வாழ்நாள் சாதனை விருது பதினொரு முறை கிடைத்திருந்தது. மொத்தம் எத்தனை வாழ்நாள் என்று யாரும் கேட்டதில்லை. ஆராய்ச்சி மாணவி தலையைக் குனிந்தாள். கேடயம் இரும்பு அலமாரியில் மோதித் திரும்பி, பின்னால் நின்றிருந்தவரின் வலது முழங்காலுக்குக் கீழே பதம் பார்த்தது.

அடி வாங்கியவர் அந்தப் பெண்ணின் அப்பா. அதே ஆய்வுக்கூடத்தில் பழைய எந்திரத்தை முப்பத்தோரு வருடமாக ஓட்டுகிறவர். வலியில் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே, "சார், கால் மட்டும் வேணாம் சார்," என்றார். அது எவ்வளவு பொருள் பொதிந்த வேண்டுகோள் என்பது போகப்போகத் தெரியும்.

பேராசிரியர் மாணவியின் ஆய்வேட்டில் தான் கையெழுத்திட வேண்டிய முதல் பக்கத்தைக் கிழித்து, நான்காக மடித்து, மறுபடி கிழித்து, வாயில் போட்டு மெல்லப் போனவர் எதையோ நினைத்துக்கொண்டு துப்பினார். "முந்நூறு கல்லும் தயங்குச்சுன்னு எழுதிட்டு வா. இல்லேன்னா அடுத்த ஆறு வருஷமும் இங்கதான்," என்று சொல்லிவிட்டு வெளியேறினார். ஏற்கெனவே ஆறு வருடம் ஆகியிருந்தது.

இங்கே அந்தப் பழைய எந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பாலமோ மாடிவீடோ கட்டுமுன் அதற்கான கான்கிரீட்டைக் கட்டியாக வார்த்து, எத்தனை டன் பாரத்தில் உடைகிறது என்று அமுக்கிப் பார்ப்பார்கள். அமுக்குவது இந்த எந்திரம். ஆளுயரம், பச்சை வண்ணம், மேலே கடிகாரம் மாதிரி வட்ட முகம், அதில் ஒரு முள். பாரம் ஏற ஏற முள் சுற்றும். ஊழியர்கள் அதற்கு வைத்த பெயர் மாமியார். உடையும்வரை அமுக்கும்; உடைந்ததும் பூஜ்யத்துக்குத் திரும்பி, எதுவுமே நடக்காததுபோல் நிற்கும்.

மாமியாருக்கு ஒரு வியாதி உண்டு. முள் நாற்பத்திரண்டாவது டன்னில் சிக்கிக்கொள்ளும். உள்ளே பாரம் ஏறிக்கொண்டிருக்கும், முகத்தில் மட்டும் அசைவு இருக்காது. இடது பக்கம் அடியில் ஓங்கி ஓர் உதை விட்டால் முள் துள்ளிக்கொண்டு சரியான இடத்துக்குப் போய்விடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்தவர் நம் ஆள்தான். அதனால் அவருக்கு உதையண்ணன் என்று பெயர் விழுந்தது. புதிதாக வருகிறவர்கள் ஏதோ பேட்டை ரவுடி என்று நினைத்து எட்ட நின்று வணக்கம் வைப்பார்கள். நேரில் பார்த்தால் எறும்புக்கு வழிவிட்டு நடக்கிற மனிதர்.

இருபத்தொன்பது வருடத்துக்கு முன் ஒருநாள் மனைவிக்குப் பிரசவ வலி வந்து உதையண்ணன் விடுப்பு எடுத்தார். பதிலுக்கு எந்திரத்தை ஓட்ட வந்தவர் தண்ணீர்க் குழாய் பழுதுபார்ப்பவர். அவருக்கு உதை விஷயம் தெரியாது. அருகில் நின்றவர் ஒரு இளம் விரிவுரையாளர். முள் நாற்பத்திரண்டில் நின்றது. ஒன்பது விநாடி நின்றது. பிறகு தானாகவே ஐம்பத்தெட்டுக்குத் தாவியது, கல் வெடித்தது. அடுத்த கல்லுக்கும் அப்படியே. மூன்றாவதற்கும். விரிவுரையாளருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. 'உடையப்போகும் கல், உடைவதற்கு முன் ஒரு கணம் தயங்குகிறது' என்று எழுதினார். அதுதான் உலகப் புகழ்பெற்ற தயக்க விதி.

மறுநாள் உதையண்ணன் பெண் குழந்தை பிறந்த மகிழ்ச்சியோடு வந்தார். முள் நின்றது. பழக்கத்தில் காலை ஓங்கினார். விரிவுரையாளர் அலறிக்கொண்டு ஓடிவந்து அவர் காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் ஒரு தொழிலாளியின் காலைப் பிடித்தது அதுவே முதலும் கடைசியும்.

"சார், அது முள்ளு சிக்குது சார். எண்ணெய் விட்டாப் போதும்."

"அது உன் பார்வை. என் பார்வையில அது இயற்கையோட மூச்சு."

ஒரு வாரத்தில் சுற்றறிக்கை வந்தது: 'ஆய்வுக்கூடத்தில் கால்களுக்கு அனுமதி இல்லை.' காவலாளி அதை அப்படியே எடுத்துக்கொண்டு, பத்து நாள் யாரையும் உள்ளே விடவில்லை.

அப்புறம் என்ன, விதி ஏறியது, விரிவுரையாளரும் ஏறிப் பேராசிரியர் ஆனார். வேறு ஊர்களில் வேறு எந்திரங்களில் கல் உடைத்தவர்கள், எங்களுக்குத் தயக்கம் எதுவும் தென்படவில்லையே என்று கட்டுரை அனுப்பினார்கள். அவற்றைப் படித்துப் பரிசீலிக்கும் நிபுணர் இவரேதான். 'பக்குவப்படாத கல்' என்று எழுதித் திருப்பினார். நாலைந்து முறை திருப்பி வாங்கியபின் அவர்களுடைய கற்களும் பக்குவப்பட்டன. எங்கோ ஒரு கல்லூரியில் மரத்தில் தயக்கம் கண்டார்கள். இன்னொரு இடத்தில் குளிக்கிற சோப்பில் கண்டு இருவர் முனைவர் ஆனார்கள். எல்லாம் சரியாக நாற்பத்திரண்டில். முள் நிற்கும் அந்த ஒன்பது விநாடியும் கூடத்தில் இருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்ற மரபும் வந்தது. எழாத ஒரு கணக்கு ஆசிரியர் மேல் காகிதம் குத்தும் பெரிய ஊக்கைப் பாய்ச்சிவிட்டார்கள். அவர் அதற்குப்பின் எந்த விதிக்கும் உட்கார்ந்ததே இல்லை.

இப்படிப்பட்டவர் ஓய்வு பெறப்போகிறார் என்றால் சும்மா விடுவார்களா? பாராட்டுக் குழு கூடியது. எந்திரத்தை மேடையில் ஏற்ற முடியுமா என்று கேட்க, உதையண்ணனையும் கூப்பிட்டு ஓரமாக நிறுத்தியிருந்தார்கள்.

"முறிவு வேந்தர்னு பட்டம் குடுக்கலாம்," என்றார் துறைத் தலைவர்.

"வேந்தரா? நாம என்ன நாடகமா போடுறோம்? முறிவுப் பேரொளி," என்றார் டீன்.

"ஒளி எப்படிய்யா முறியும்?"

"வேந்தர் மட்டும் முறியலாமா? உமக்கு அறிவு முறிஞ்சு இருபது வருஷம் ஆச்சு!"

துறைத் தலைவர் தண்ணீர்க் கூஜாவால் பதில் சொன்னார். டீன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடுங்கி மறுமொழி உரைத்தார். இரண்டு பேரும் மேசை மேலேயே உருண்டார்கள். டீன் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டி, பேராசிரியரின் அறுபத்துநாலு பக்க வாழ்க்கைக் குறிப்பில் 'பெற்ற பரிசுகள்' என்ற பகுதி சிவந்தது. மற்ற உறுப்பினர்கள் காபிக் குவளைகளைக் கவனமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யார் ஜெயித்தால் யார் பக்கம் பேசுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதிவாளர் தலை நிமிராமல் குறிப்பெடுத்தார். அந்தக் குறிப்பு இன்னும் கோப்பில் இருக்கிறது: 'கருத்துப் பரிமாற்றம் மிக நெருக்கமாக நடைபெற்றது. உறுப்பினர் ஒருவரின் பல் அவையில் சமர்ப்பிக்கப்பட்டது. இரண்டு பட்டங்களையும் சேர்த்தே வழங்குவதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.'

அமளி அடங்கியதும் பதிவாளர் உதையண்ணனைப் பார்த்தார். "எந்திரம் மேடைக்கு வருமா?"

"வரும் சார். ஆனா ஒரு விஷயம்... அந்த முள்ளு சிக்குது சார். தயக்கமெல்லாம் ஒண்ணும் இல்ல."

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலில் கோபமே இல்லை. "இத பாருங்க. எது உண்மை, எது பொய்னு முடிவு பண்ண இங்க ஒரு குழு இருக்கு. பதினாறு வருஷமா இருக்கு. அது இன்னும் ஒருதடவகூட கூடல. ஏன் தெரியுமா? கூடவேண்டிய அவசியமே வரல. அவ்வளவு நல்லா நடக்குது இந்தப் பல்கலைக்கழகம். இந்த விதிய வச்சு நூத்திப்பத்து பேர் முனைவர் ஆகியிருக்காங்க. நானும் ஒருத்தன். நீங்க ஒரு உதை விட்டா நூத்திப்பத்து பேரும் வெறும் ஆளாப் போயிடுவோம். யோசிச்சுப் பாருங்க, வெறும் ஆளா!"

வெறும் ஆளாகவே முப்பத்தோரு வருடம் இருந்துவிட்ட உதையண்ணனுக்கு அதில் என்ன பயங்கரம் என்று புரியவில்லை. இருந்தாலும் தலையாட்டினார்.

வெளியே வந்தால் தாழ்வாரத்தில் பேராசிரியர் நின்றிருந்தார். தோளில் கை போட்டார். இருபத்தொன்பது வருடத்தில் முதல்முறை.

"மேடையில முள்ளு நாப்பத்திரண்டுல நிக்கணும். நின்னா அன்னைக்கே உம்பொண்ணுக்குக் கையெழுத்து. கல்லு தயங்குச்சுன்னு நானே ரெண்டு வரி சேத்துக்கிறேன். நீ ஒண்ணும் செய்ய வேணாம். ஒண்ணும் செய்யாம இருந்தாப் போதும்."

வீட்டுக்கு வந்து உதையண்ணன் குளிர்சாதனப் பெட்டியை ஓர் உதை விட்டார். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வுக்கூடத்தில் உதைக்கத் தடை வந்த நாளிலிருந்து அவருடைய வலது கால் வீட்டில்தான் வடிகால் தேடும். கதவு, அலமாரி, கொல்லைப்புறத் தகரம் என்று எதிலும் ஒரு பள்ளம் இருக்கும்.

"அந்தாளு மேல இருக்கிற கோவத்த என் சாமான் மேல காட்டாதீங்க," என்றாள் மனைவி. "வெளியில புழு, வீட்டுல புலி."

அவர் பேரத்தைச் சொன்னார். மகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அந்த முள்ளு சிக்குதுன்னு உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்தே."

"அந்த விதி எப்ப வந்துச்சு?"

உதையண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ பொறந்த அன்னைக்கு. நான் ஆஸ்பத்திரியில இருந்தேன்."

மகள் சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். "ஆறு வருஷம்ப்பா! ஏன் என் கல்லு தயங்கலன்னு மணலை மாத்தினேன், சிமென்ட்ட மாத்தினேன், தண்ணிய மாத்தினேன். என்னையே மாத்திக்கப் பாத்தேன். நீங்க பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க."

"வேலை போயிடும்னு..."

"பொய் எழுதி வாங்குற கையெழுத்து எனக்கு வேணாம். நீங்க உதைச்சாலும் சரி, உதைக்காட்டியும் சரி, நான் அந்த ரெண்டு வரிய எழுத விடமாட்டேன்." எழுந்து போகும்போது கதவை ஓர் உதை விட்டாள். யார் பெண் என்று அப்போது தெரிந்தது.

விழா நாள். மேடையில் ஒருபக்கம் பேராசிரியரின் கேடயங்கள் மலைபோல் அடுக்கப்பட்டிருந்தன. நடுவில் மாமியார். கல் சிதறாமல் தடுக்கும் கம்பிவலையை, பார்வைக்கு மறைக்கிறது என்று டீன் கழற்றச் சொல்லியிருந்தார். உதையண்ணன் வேண்டாமென்றார், பாதுகாப்புக் குழுவின் தலைவர் யார் தெரியுமா என்று கேட்டார் டீன். டீனேதான்.

வாழ்க்கைக் குறிப்பை முழுதாக வாசித்தார்கள். இருபதாவது பக்கத்தில் ஒரு முதியவர் மயங்கினார். முப்பதாவது பக்கத்தில் அவரைத் தூக்கப் போனவர் மயங்கினார். நாற்பதில், வெளியே போக முயன்ற இரண்டு மாணவர்களைக் காவலாளிகள் கதவருகே புரட்டி எடுத்து இருக்கையில் கொண்டுவந்து வைத்தார்கள். ஒருவனுக்குச் சட்டைக் கை மட்டும் மிச்சம்.

பேராசிரியர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "நான் யார்? ஒரு சாதாரண மனிதன். இதை நான் எத்தனையோ நாட்டில் சொல்லியிருக்கிறேன், எங்கும் யாரும் நம்பவில்லை. என்னை மறுத்தவர்கள் உண்டு. அவர்கள் இன்று எங்கே? எனக்கே தெரியாது. அவர்கள் எழுதியதை நான் எங்கும் வரவிடவில்லை. அறிவியல் என்பது அடக்கம். அந்த அடக்கத்தில் என்னை மிஞ்ச ஒருவன் பிறக்கவேண்டும்." கைதட்டல் விண்ணைப் பிளந்தது.

உதையண்ணன் கட்டியை உள்ளே வைத்துப் பிடியைத் திருகினார். மாமியார் உறுமினாள். பத்து. இருபது. முப்பது. நாற்பத்திரண்டு. முள் நின்றது.

ஆயிரம் பேர் எழுந்து நின்றார்கள். சிறப்பு விருந்தினர் கண்ணை மூடிக்கொண்டார். பதிவாளர் மார்பில் கை வைத்தார். கூட்டத்தில் உட்கார்ந்திருந்தது ஒரே ஒருத்தி. நாலாவது வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு, அப்பாவையே பார்த்துக்கொண்டு. ஒரு காவலாளி அவளை நோக்கி நடந்தான். முடியைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

அதற்குமேல் உதையண்ணன் யோசித்ததாகத் தெரியவில்லை. இருபத்தொன்பது வருடம் தேக்கி வைத்திருந்த உதை அது. மேடை அதிர்ந்தது. முள் நாற்பத்திரண்டிலிருந்து அறுபதுக்குப் பாய்ந்தது, அதே நொடியில் கல் வெடித்தது.

வலை இல்லாததால் கல் அதன் விருப்பத்துக்குப் போனது. ஒரு சில்லு சிறப்பு விருந்தினரின் புருவத்தைப் பிளந்தது. இன்னொன்று டீனின் ஏற்கெனவே உடைந்த மூக்கை, எந்தத் தயக்கமும் இல்லாமல், மறுபடி உடைத்தது.

"எண்ணெய் விடாத முள்ளுய்யா அது!" என்று உதையண்ணன் கத்தினார். "கல்லும் தயங்கல, மண்ணும் தயங்கல!"

பிறகு நடந்ததை எழுத அறுபத்துநாலு பக்கம் போதாது. நூற்றுப்பத்து முனைவர்களும் மேடையை நோக்கி ஓடினார்கள். ஆறு வருடம், எட்டு வருடம் என்று கையெழுத்துக்குக் காத்திருந்த மாணவர்கள் அவர்களை நோக்கி ஓடினார்கள். கேடய மலை சரிந்தது. ஆளுக்கொரு கேடயம் கிடைத்தது. வாழ்நாள் சாதனை வாங்காத தலையே அன்று இல்லை. துறைத் தலைவர் முறிவுப் பேரொளிப் பட்டயத்தால் டீனையும், டீன் முறிவு வேந்தர் பட்டயத்தால் துறைத் தலைவரையும் கௌரவித்துக்கொண்டார்கள். கணக்கு ஆசிரியர் ஊக்கோடு வந்திருந்தார். பதிவாளரின் உதடு கிழிந்து தொங்கியது; அப்போதும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் "கொன்னுடுவேன்டா!" என்று உதையண்ணன் மேல் பாய்ந்தார். உதையண்ணன் எறும்புக்கு விலகுவதுபோல ஓரடி விலகினார். பேராசிரியர் நேராக மாமியாரின் இரும்புப் பாதத்தில் வலது கையை முன்னால் நீட்டி விழுந்தார். சத்தம் பின்வரிசைவரை கேட்டது என்கிறார்கள். சுள்ளி முறிவதுபோல ஒரே சத்தம்.

மருத்துவமனையில் மாவுக்கட்டு போடுகிற இளைஞன் ஒருவன்தான் பணியில் இருந்தான். பதிமூன்று பேருக்குத் தொடர்ந்து கட்டுப் போட்டான். பேராசிரியரின் முறை வந்தபோது மகள் அப்பாவோடு அங்கே நின்றிருந்தாள். கையில் குறிப்பேடு.

"சார், ஒரே ஒரு கேள்வி. எலும்பு உடையறதுக்கு முன்னாடி கொஞ்சமாவது தயங்குச்சா?"

"இவங்க யாரு, டாக்டரா?" என்றான் மாவுக்கட்டுக்காரன்.

"ஆகல. அவர் கையெழுத்துப் போட்டாத்தான் ஆவேன்."

வலியில் மனிதன் பொய் சொல்ல மறந்துவிடுகிறான். பேராசிரியர் கண்ணை மூடியபடி, "இல்லம்மா... சட்டுனு போயிடுச்சு," என்றார். அவள் 'முந்நூற்றொன்று' என்று எழுதிக்கொண்டாள்.

உண்மை வென்றது என்று இங்கே முடித்துவிடலாம். ஆனால் பதிவாளர் உதட்டில் தையலோடு அறைக்குள் வந்துவிட்டார். கிழிந்த உதட்டுக்காரர்களைச் சேர்த்து, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஒரு குழு கூட்டி முடித்திருந்தார்.

"சார், வாழ்த்துகள். கல் தயங்கும்னு நீங்க கண்டுபிடிச்சீங்க. உதைச்சா தயக்கம் போயிடும்னு இன்னைக்கு உங்க தலைமையில நிரூபணம் ஆயிருக்கு. தயக்க நீக்க விதி. புது விதி, புது விருது. நூத்திப்பத்து பேருக்கும் பங்கமில்ல. ஆனா ஆதாரம் வேணும். தயங்காத கல்லு ஒரு முந்நூறு வேணும்."

பேராசிரியரின் ஒரு கண் திறந்தது. பிறகு இன்னொன்று. "ஏம்மா," என்றார் மகளிடம், குரலில் தேன். "அந்த ஆய்வேடு எங்க?"

"ஒரு வரி மாத்தமாட்டேன் சார்."

"எதுக்கு மாத்தணும்? அருமையான கல்லு!" வலது கை மாவுக்கட்டில் இருந்ததால் இடது கையால் கையெழுத்திட்டார். கோழி கிளறிய மாதிரி இருந்தது. பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. பழைய எந்திரத்தில் கற்கள் ஏன் தயங்குவதுபோல் தெரிந்தது என்று அவள் எழுதிய காரணத்தை மட்டும் யாரும் படிக்கவில்லை. அது நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. 'முள்ளுக்கு எண்ணெய் விடவில்லை.' யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

உதையண்ணனுக்கு, காலால் ஆய்வு செய்ததற்கு விளக்கம் கேட்டு ஓர் ஓலையும், அவர் செருப்பைக் கேட்டு இன்னோர் ஓலையும் ஒரே நாளில் வந்தன. வலது கால் செருப்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, 'பேராசிரியரின் இரண்டாம் கண்டுபிடிப்பில் பயன்பட்டது' என்று எழுதிவிட்டார்கள். அவர் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு நடந்தார்.

இரண்டு வருடத்தில் எல்லாரும் ஒவ்வொரு பக்கம் போய்விட்டார்கள். பேராசிரியர் கேடயங்களை இரண்டு லாரியில் ஏற்றிக்கொண்டு மகன் இருக்கும் ஊருக்குப் போனார். மருமகள் வீட்டுக்குள் விட்டது அவரை மட்டும்தான் என்று கேள்வி. டீனும் துறைத் தலைவரும் சம்பந்தி ஆனார்கள்; நிச்சயத்தன்றும் ஒரு பல் போயிற்றாம். மாமியாரைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார்கள். எடைமேடையில் ஏற்றியதும் அந்த மேடையின் முள்ளும் நின்றுவிட்டது என்று ஊழியர்கள் சொல்வதை நம்பவேண்டியதில்லை.

உதையண்ணன் மகள் பாலம் கட்டும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து ஊர் மாறிப் போகுமுன், மாவுக்கட்டுக்காரனைக் கட்டிக்கொண்டாள். பதிவு அலுவலகத்தில்தான் கல்யாணம். மாப்பிள்ளை சட்டென்று கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தான். பெண் பேனாவைக் காகிதத்துக்கு மேலே பிடித்தபடி அப்படியே நின்றாள். எத்தனை வருடம் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தாளோ, அதெல்லாம் நினைவுக்கு வந்ததோ என்னவோ. ஒரு விநாடி, இரண்டு, மூன்று. மாப்பிள்ளைக்கு வியர்த்தது. அலுவலர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

உதையண்ணன் புதுச் செருப்புக் காலால் மேசையின் இடது பக்கம், அடியில், ஓங்கி ஓர் உதை விட்டார்.

பேனா ஓடியது.